கரைதல் சோதனையில் தோற்ற பிரஷர் மாத்திரை: பூச்சுக்குள் நடப்பது என்ன?

மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. செய்தியில் அது 'இத்தனை மருந்துகள் தரமற்றவை' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பட்டியலைத் திறந்து பார்த்தால், காரணம் என்ற கட்டத்தில் பல மருந்துகளுக்கு நேராக 'கரைதல்' என்று மட்டும் இருக்கும். தினமும் பிரஷர் மாத்திரை போடுபவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? போலி மருந்தா, மருந்தின் அளவு குறைவா, வேறு ஏதாவது கலந்துவிட்டதா என்று குழம்புவார்.

2014-இல் இப்படி ஒன்று நடந்தது. இரண்டு இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற மெட்டோப்ரோலால் சக்சினேட் என்ற பிரஷர் மாத்திரைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றன. சொல்லப்பட்ட காரணம் கரைதல் சோதனையில் தோல்வி. அது 24 மணி நேரத்துக்கு மெதுவாக மருந்தை விடவேண்டிய மாத்திரை. அந்த வகை மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதோடு, எந்த மணியில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதும் சேர்ந்துதான் மருந்து. அந்த மணிக்கணக்கைப் பார்த்துக்கொள்வது ஒரு மெல்லிய பூச்சு. மெட்டோப்ரோலாலையே உதாரணமாக வைத்து அதை அடியிலிருந்து பார்ப்போம்.

## மெதுவாக விடவேண்டிய அவசியம் என்ன?

மெட்டோப்ரோலால் 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்து. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் இதயத்தில் போய் ஒட்டும் இடங்களுக்கு பீட்டா ஏற்பிகள் என்று பெயர். இந்த மருந்து அந்த இடங்களை அடைத்துக்கொள்கிறது. துடிப்பு நிதானமாகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் ப்ரோப்ரானலாலைக் கண்டுபிடித்துத் தொடங்கி வைத்த வழி இது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வழியில் சுவீடனில் உருவானது மெட்டோப்ரோலால்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உடல் இதைச் சீக்கிரமாக அப்புறப்படுத்திவிடுகிறது. ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். மெட்டோப்ரோலாலுக்கு அது 3 முதல் 7 மணி நேரம். 4 மணி என்றே வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குச் சாதாரண மாத்திரை போட்டு, உடனே அளவு உச்சத்துக்குப் போகிறது என்றால்:

1. பகல் 12 மணிக்குப் பாதி.
2. மாலை 4 மணிக்குக் கால்.
3. இரவு 8 மணிக்கு அரைக்கால்.
4. நள்ளிரவில் பதினாறில் ஒரு பங்கு.
5. விடிகாலை 4 மணிக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

ரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறத் தொடங்குவது அந்த விடிகாலையிலும் கண் விழிக்கும் நேரத்திலும்தான். மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவதும் காலைப் பொழுதில். காவல் தேவைப்படும் நேரத்தில் காவலர் இல்லை. மறுபக்கம், மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் அளவு உச்சத்தில் நிற்கும்போது தலைச்சுற்றலும் நாடித்துடிப்பு மிகவும் இறங்குவதும் வரலாம்.

இதற்குப் பழைய தீர்வு, டார்ட்ரேட் உப்பாகச் செய்த சாதாரண மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை கொடுப்பது. (இங்கே உப்பு என்பது சமையல் உப்பு அல்ல, மருந்து மூலக்கூறை ஓர் அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் வடிவம்.) பிந்தைய தீர்வு, சக்சினேட் உப்பை மெதுவாக விடும் மாத்திரை. ஒரு வேளை போதும். இதில் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவு, சாதாரண மாத்திரையின் உச்சத்தில் கால் முதல் அரைப் பங்கு வரைதான். சமவெளி போன்ற அந்த ஓட்டத்துக்குப் பலன் இருக்கிறது என்பதற்குப் பெரிய சான்று 1999-இல் வந்த மெரிட்-எச்.எஃப் ஆய்வு. இதயச் செயலிழப்பு உள்ள 3,991 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், மெதுவாக விடும் மெட்டோப்ரோலால் எடுத்தவர்களிடம் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. சாதாரண டார்ட்ரேட் மாத்திரையும் அதே பலனைத் தரும் என்று இந்த முடிவை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூலக்கூறு ஒன்றே என்றாலும், அது உடலுக்குள் வந்து சேரும் விதம் வேறு.

## எல்லாப் பூச்சும் ஒன்றல்ல

மருந்து அட்டையில் பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல், எக்ஸ்.ஆர், ஈ.ஆர், எஸ்.ஆர், சி.ஆர் என்று எழுத்துகள் இருக்கும். ஏறக்குறைய எல்லாமே 'மெதுவாக விடும்' என்பதைத்தான் சொல்கின்றன. ஆனால் மாத்திரைப் பூச்சு என்றால் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன:

1. நிறப் பூச்சு. கசப்பை மறைக்கும், தூள் உதிராமல் காக்கும், அடையாளம் தரும். வயிற்றில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். மருந்தின் வேகத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.
2. குடல் பூச்சு. இரைப்பை அமிலத்தில் கரையாது, சிறுகுடலில் கரையும். இது எங்கே கரையவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. வயிற்றுப் புண்ணுக்கான பான்டோப்ரசோல் மாத்திரைகளில் இருப்பது இதுதான்.
3. கட்டுப்படுத்தும் பூச்சு. இது கரையவே கரையாது, கரையவும் கூடாது. தண்ணீரை உள்ளே விட்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியவிடும்.

நம் பேச்சு மூன்றாவதைப் பற்றியது.

## மெதுவாக்க மூன்று வழிகள்

ஒன்று, கூழ் வழி. மருந்தை ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமரோடு கலந்து அழுத்திவிடுவார்கள். தண்ணீர் பட்டதும் மாத்திரையின் வெளிப்பக்கம் வழவழப்பான கூழாகும். மருந்து அந்தக் கூழைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். செய்வதற்கு எளிது, செலவும் குறைவு. ஆனால் நேரம் ஆக ஆக வேகம் தானாகவே குறையும்.

இரண்டு, சவ்வூடு பரவல் வழி. இதன் அருமை தெரிய நிஃபெடிபைனின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதன் அரை ஆயுள் சுமார் இரண்டே மணி நேரம். ஒரு காலத்தில் பிரஷர் எகிறியவருக்கு நிஃபெடிபைன் கேப்ஸ்யூலைக் கடித்து நாக்கடியில் வைக்கச் சொல்வது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அழுத்தம் சரசரவென இறங்கியது. அதனாலேயே சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1990-களின் நடுவில் மருத்துவ இதழ்கள் இந்த வழக்கத்தைக் கைவிடும்படி கடுமையாக எச்சரித்தன. அதே நிஃபெடிபைனை ஒரு சிறு பம்புபோல அமைந்த மாத்திரைக்குள் வைத்து நாள் முழுவதும் விடும் வடிவத்துக்கு 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. வெளியே செல்லுலோஸ் அசிடேட் ஓடு. அது தண்ணீரை மட்டும் உள்ளே விடும். உள்ளே ஒரு அடுக்கு மருந்து, அதன் கீழே தண்ணீர் பட்டால் வீங்கும் அடுக்கு. வீங்கும் அடுக்கு தள்ள, லேசர் போட்ட ஒரு நுண்துளை வழியாக மருந்து வெளியேறும். ஓடு செரிக்காமல் மலத்தோடு போகும். அதைப் பார்த்து 'மாத்திரை அப்படியே வந்துவிட்டது' என்று பயப்படுபவர்கள் உண்டு. வருவது வெறும் கூடு.

மூன்று, மணி வழி. இங்கே மணி என்பது நேரம் அல்ல, மருந்து அடங்கிய சிறு உருண்டை. மெட்டோப்ரோலால் சக்சினேட்டின் மூல மாத்திரை இந்த வகை.

## ஒரு மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான மருந்துப் பைகள்

மணி வகை மாத்திரை ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால், கொஞ்ச நேரத்தில் பிட்டுப்போல உதிர்ந்துவிடும். பார்ப்பவருக்கு 'கரைந்துவிட்டது' என்றே தோன்றும். கூர்ந்து பார்த்தால் அடியில் கசகசா அளவில் மணிகள் கிடப்பது தெரியும். தொழிலில் அவற்றைப் பெல்லட் என்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகப் பூச்சு உண்டு. அதாவது அந்த மாத்திரை ஒரு மூட்டை. மருந்தை அளந்து விடும் வேலை மூட்டைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான மணிகளுடையது.

இப்படிப் பிரித்து வைப்பதில் இரண்டு லாபம். ஒரே பெரிய பூச்சில் விரிசல் விட்டால் நாள் முழுவதற்கான மருந்தும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். நூற்றுக்கணக்கான மணிகளில் ஒன்றிரண்டு உடைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அப்புறம், இவ்வளவு சிறிய மணிகள் வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் காத்துக்கிடக்காமல் குடலுக்குள் நழுவிப் போகும்.

மணிக்குள் என்ன நடக்கிறது? பூச்சு வழியே தண்ணீர் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் மருந்தில் கொஞ்சம் கரைந்து அடர்த்தியான கரைசலாகிறது. வெளியே அடர்த்தி குறைவு, அதனால் மருந்து வெளிநோக்கி நகர்கிறது. உள்ளே கரையாத மருந்து மிச்சம் இருக்கும்வரை உள் அடர்த்தி மாறாது, வெளியேறும் வேகமும் மாறாது. கரையாத மருந்து தீர்ந்த பிறகுதான் வேகம் சரியத் தொடங்கும். டார்ட்ரேட் உப்பை விட்டுச் சக்சினேட்டுக்குப் போனதன் காரணமும் இங்கே இருக்கிறது. டார்ட்ரேட் தண்ணீரில் மிக அதிகமாகக் கரையும். அதைக் கட்டி வைப்பது கடினம். சக்சினேட் அதைவிடக் குறைவாகக் கரையும்.

## பூச்சை உருவாக்குபவர் எதை எதைத் தீர்மானிக்க வேண்டும்?

1. கரையாததும் கரைவதும் எந்த விகிதத்தில்? அடிப்படைப் பொருள் எத்தில் செல்லுலோஸ். தண்ணீரில் கரையாது. அதை மட்டும் பூசினால் மருந்து ஏறக்குறைய உள்ளேயே அடைபட்டுவிடும். அதனால் தண்ணீரில் கரையும் ஹைட்ராக்சிபுரோப்பில் செல்லுலோஸைக் கலக்கிறார்கள். அது கரைந்து போகும் இடங்களில் நுண்வழிகள் விழுகின்றன. இந்த விகிதத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறது. கரையும் பொருள் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும்வரை அது தனித்தனித் தீவுகளாகப் பூச்சுக்குள் சிக்கிக் கிடக்கும். அதைத் தாண்டும்போது தீவுகள் ஒன்றோடு ஒன்று இணைந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பாதை போட்டுவிடும். வேகம் படிப்படியாக ஏறாமல் சட்டென்று எகிறும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் பூச்சில், மூலப்பொருள் ஒரு பேட்சுக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் மாறினாலே முடிவு மாறிவிடும்.

2. எவ்வளவு தடிமன்? தடித்தால் மெதுவாகும், மெலிந்தால் வேகமாகும். ஆலையில் யாரும் ஒவ்வொரு மணியின் தடிமனையும் அளப்பதில்லை. 'எடையில் இத்தனை சதவீதம் ஏறியதா' என்றுதான் பார்ப்பார்கள். அதில் ஒரு பொறி உண்டு. அரை மில்லிமீட்டர் மணிகளும் கால் மில்லிமீட்டர் மணிகளும் ஒரே எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய மணிகளின் மொத்தப் பரப்பு இரண்டு மடங்கு. அதே எடைப் பூச்சு அங்கே பாதித் தடிமனாகத்தான் படியும். 10 சதவீத எடை ஏறியது என்று பதிவேட்டில் சரியாக இருக்கும். மருந்து மட்டும் முன்கூட்டியே வெளியே வரும். மணிகளைச் சலித்து ஒரே அளவாக்குவது பூச்சுக்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

3. எப்படிப் பூசுவது? பொதுவாகப் பயன்படுவது, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேல் வுர்ஸ்டர் 1950-களில் உருவாக்கிய முறை. ஒரு பெரிய கலன், நடுவில் ஒரு குழாய். கீழிருந்து சூடான காற்று வீசும். மணிகள் குழாய்க்குள் ஊற்றுப்போல எழும்பும். எழும்பும் இடத்தில் கீழிருந்தே பூச்சுக் கரைசல் பனிபோலத் தெளிக்கப்படும். மேலே போகும்போதே காய்ந்து, பக்கவாட்டில் விழுந்து, மறுபடி குழாயடிக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு திட்டு மட்டும் படிகிறது. பல நூறு சுற்றுக்குப் பிறகுதான் முழுப் பூச்சாகும். காற்று ஈரமாக இருந்தால் மணிகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். வறண்டு போனால் துளிகள் மணியைத் தொடும் முன்பே காய்ந்து தூளாகி, பூச்சில் ஓட்டை விழும்.

4. பூச்சு முதிர்ந்ததா? எத்தில் செல்லுலோஸைக் கரிமக் கரைப்பானில் கரைத்துத் தெளிக்கலாம். தீ அபாயமும் புகையும் வேண்டாம் என்றால் தண்ணீரில் நுண்துகள்களாகக் கலந்து தெளிக்கலாம். இரண்டாவது வழியில் துகள்கள் மணியின் மேல் படிந்த பிறகு ஒன்றோடு ஒன்று உருகி இணைய வேண்டும். அதற்கு நெகிழ்வூட்டும் பொருளும், சில மணி நேரச் சூடும் தேவை. இணைவு பாதியில் நின்றுவிட்டால் அது பிறகு மருந்துக்கடை அலமாரியில் மெல்ல மெல்லத் தொடரும். தயாரான அன்று சோதனையில் தேறிய மாத்திரை, ஆறு மாதம் கழித்து மருந்தை வெளியே விடத் தயங்கும். 40 டிகிரி சூட்டிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பது இதைப் பிடிக்கவும்தான். நம் ஊர் வெயிலில் லாரியிலும் கிடங்கிலும் கிடக்கப்போகும் மாத்திரைக்கு இந்தச் சோதனை வெறும் சடங்காக இருக்கக் கூடாது.

5. அழுத்தும்போது பிழைக்குமா? பூசிய மணிகளை மாத்திரையாக்க இயந்திரம் பலமாக அழுத்த வேண்டும். பூச்சு கண்ணாடிபோல விறைப்பாக இருந்தால் விரிசல் விடும். அதனால் மணிகளுக்கு நடுவே நுண்படிகச் செல்லுலோஸ் போன்றவற்றை மெத்தைபோல நிரப்புகிறார்கள். மெத்தையை அதிகமாகச் சேர்த்தால் மாத்திரை விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாகும்; குறைத்தால் மணிகள் ஒன்றையொன்று நசுக்கும்.

## கரைதல் சோதனை என்ன கேட்கிறது?

சோதனை எளிமையானது. குடலின் அமிலத்தன்மையை ஒத்த, பிஎச் 6.8 உள்ள 500 மில்லி கரைசல், 37 டிகிரி சூடு, நிமிடத்துக்கு 50 முறை சுற்றும் துடுப்பு. மாத்திரையைப் போட்டு, குறித்த மணி நேரங்களில் எவ்வளவு மருந்து வெளியே வந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். அமெரிக்க மருந்தியல் தரநூல் மெட்டோப்ரோலால் சக்சினேட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு ஒன்று இப்படி:

1. 1 மணி நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வரக் கூடாது.
2. 4 மணி நேரத்தில் 20 முதல் 40 சதவீதம்.
3. 8 மணி நேரத்தில் 40 முதல் 60 சதவீதம்.
4. 20 மணி நேரத்தில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

முதலில் 6 மாத்திரைகள். முடிவு தெளிவாக இல்லையென்றால் மேலும் 6, அப்புறம் 12 என்று 24 மாத்திரைகள்வரை போகும்.

எந்த மணி நேரத்தில் தோற்றது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும். முதல் மணி நேரத்தில் தோற்றால் பூச்சு உடைந்திருக்கிறது அல்லது மெலிந்திருக்கிறது. மருந்து முன்னால் கொட்டுகிறது, நோயாளிக்கு நாடித்துடிப்பு மிகவும் இறங்கும் ஆபத்து. கடைசி மணி நேரத்தில் தோற்றால் பூச்சு இறுகிவிட்டது. மருந்தின் ஒரு பகுதி வெளியே வராமலேயே உடலை விட்டுப் போகும், பிரஷர் கட்டுப்படாது. மருத்துவர் இதை அறியாமல் மருந்தின் அளவைக் கூட்டக்கூடும். இரண்டுமே பட்டியலில் 'கரைதல்' என்ற ஒரே சொல்லாக வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த மணி நேரத்தில், எத்தனை சதவீதம் என்று இரண்டு எண்களைச் சேர்த்தால் மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் அது பயன்படும் தகவலாகிவிடும்.

## ஜெனரிக் மாத்திரையும் இதே சோதனையும்

மற்ற நிறுவனங்கள் மூல மாத்திரையின் அதே பூச்சைப் பயன்படுத்த வேண்டியதில்லை. கூழ் வழியில்கூடச் செய்யலாம். ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவும் மொத்த அளவும் மூல மருந்துக்குச் சமானம் என்று காட்டவேண்டும். இரண்டின் விகிதமும் புள்ளியியல் பிழை வரம்போடு சேர்த்து 80 முதல் 125 சதவீதத்துக்குள் விழவேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், மெதுவாக விடும் வடிவங்களை எப்போதுமே 'புதிய மருந்து' என்றே வகைப்படுத்துகின்றன. மூலக்கூறு பழையது என்று சொல்லித் தப்ப முடியாது. நல்ல விதி.

ஆனால் மனிதர்களிடம் நடக்கும் அந்தச் சமான ஆய்வு, குறிப்பிட்ட ஒரு பேட்சை வைத்து நடப்பது. அதன்பின் வருடக்கணக்கில் தயாராகும் ஒவ்வொரு பேட்சும் அந்த முதல் பேட்சைப் போலவே நடந்துகொள்கிறது என்பதற்கு அன்றாடக் காவல் கரைதல் சோதனைதான். அதில் ஒரு பேட்ச் தோற்றால், அது சமானமானது என்று நம்புவதற்கான ஆதாரமே விழுந்துவிடுகிறது.

## மாத்திரை போடுபவருக்கு இதிலிருந்து என்ன?

1. மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் பூச்சு போய்விடும். 24 மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். விழுங்க முடியாதவருக்கும் மூக்குக்குழாய் வழியே உணவு போகிறவருக்கும் பொடித்துக் கரைத்துக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. மெதுவாக விடும் மாத்திரையில் அது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் வேறு வடிவம் எழுதித் தருவார்.
2. பாதியாக உடைக்கலாமா? மணி வகை மாத்திரையில் நடுக்கோடு இருந்து, உறையும் அனுமதித்தால் உடைக்கலாம். உடைவது மூட்டைதான், பெரும்பாலான மணிகளின் பூச்சு அப்படியே இருக்கும். பம்பு வகையை ஒருபோதும் உடைக்கக் கூடாது. கோடு இல்லாத எதையும் கேட்காமல் உடைக்க வேண்டாம்.
3. மதுவோடு வேண்டாம். எத்தில் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, ஆனால் ஆல்கஹாலில் கரையும். 2005-இல் ஹைட்ரோமார்ஃபோன் என்ற வலிநிவாரணியின் 24 மணி நேரக் கேப்ஸ்யூல், மதுவோடு சேர்ந்தால் மருந்தை ஒரேயடியாகக் கொட்டுகிறது என்று தெரிந்ததும் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பிறகு இவ்வகை மாத்திரைகளை 40 சதவீத ஆல்கஹால் உள்ள கரைசலில்கூடப் போட்டுப் பார்க்கிறார்கள்.
4. எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். சீட்டில் எக்ஸ்.எல் என்று இருந்து, கையில் அந்த எழுத்து இல்லாத மெட்டோப்ரோலால் வந்தால் அது வேறு மருந்து என்றே எண்ணுங்கள். மில்லிகிராம் ஒன்றாக இருப்பது போதாது.
5. செய்தியைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தாதீர்கள். பட்டியலில் வருவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பேட்ச். உங்கள் அட்டையில் உள்ள பேட்ச் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே எண் என்றால் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கோ மருத்துவரிடமோ போய், மாற்று வாங்கிய பிறகு பழையதை விடுங்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால், குறிப்பாக இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு, நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும். ஒரு பேட்சின் பூச்சு சரியில்லை என்பதைவிட அது பெரிய ஆபத்து.